அப்சர்வேஷன் நோட்டிலிருந்து எழுதுங்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று அப்சர்வேஷன்: அமிலம் சொட்டிய கறை, அடித்து மேலே எழுதிய அளவீடு, ஓரத்தில் பென்சிலில் ‘மறுபடி பார்’ என்று ஒரு கிறுக்கல். இன்னொன்று ரெக்கார்டு: இடது பக்கம் படமும் அட்டவணையும், வலது பக்கம் செய்முறை, கடைசியில் பிசிறே இல்லாத முடிவு. மதிப்பெண் போடுவது ரெக்கார்டுக்கு. ஆகவே மூன்று வருடத்தில் கை ரெக்கார்டு நடைக்குப் பழகிவிடுகிறது. கோடைக்கால ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புக்கு எஸ்.ஓ.பி. (ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்: ஏன் விண்ணப்பிக்கிறேன், இதுவரை என்ன செய்தேன் என்று சொல்லும் பக்கம்) எழுத உட்காரும்போதும் அந்த நடைதான் வந்து விழுகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தது, நுட்பங்கள் கற்றுக்கொள்ளப்பட்டன, ஆர்வம் நாளுக்கு நாள் பெருகியது. படிக்கிறவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

படிக்கிறவர் யார்? பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஃபெலோஷிப் ஆகட்டும், பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் ஆகட்டும், மும்பை டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), தரமணி கணித அறிவியல் நிறுவனம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆகட்டும், விண்ணப்பப் படிவம்தான் வேறு வேறு. கடைசியில் நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கம் போய்ச் சேருவது ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிற ஒருவரின் மேசைக்கு. அவர் வகுப்புக்கும் தன் ஆய்வுக் கட்டுரைக்கும் நடுவில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஒரு கட்டு விண்ணப்பங்களைப் புரட்டுகிறார். மதிப்பெண் பட்டியல் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது நீங்கள் தேர்வு எழுதும் விதத்தைச் சொல்லும். இரண்டு மாதம் தன் ஆய்வகத்தில் உட்காரப்போகிற பிள்ளை, ஒரு அளவீடு தப்பாக வந்தால் அதைத் தானே கவனிக்குமா, கவனித்தால் வந்து சொல்லுமா என்பதை அது சொல்லாது. அதற்கு அவரிடம் இருப்பது உங்கள் ஒரு பக்கமும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் மட்டும்தான்.

ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். தர்மபுரிப் பக்கம் ஊர், பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. நான்கு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்திருக்கிறார்கள்: 12 போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று பார்ப்பது. அவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“இளங்கலை மூன்றாம் ஆண்டில் நிலத்தடி நீரின் தரம் குறித்த புராஜெக்டில் ஈடுபட்டேன். பல்வேறு நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு அவற்றின் ஃப்ளோரைடு அளவு கண்டறியப்பட்டது. இதன் மூலம் பகுப்பாய்வு நுட்பங்களையும் குழுவாகச் செயல்படும் திறனையும் வளர்த்துக்கொண்டேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் புராஜெக்டைச் செய்யாத ஒருவரும் இதை எழுதிவிட முடியும். இப்போது அவருடைய அப்சர்வேஷன் நோட்டைத் திறந்து, அடித்தல் திருத்தல் இருக்கும் பக்கத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள் (ஸ்பாட்ன்ஸ் என்பது ஃப்ளோரைடு பட்டால் வெளுக்கும் சாயத்தை வைத்து அளக்கும் முறை; வெளுப்பை அளக்கும் கருவி கலரிமீட்டர்; ஸ்டாண்டர்டு கர்வ் என்பது அளவு தெரிந்த கரைசல்களை வைத்து முதலில் வரையும் ஒப்பீட்டுக் கோடு):

“12 போர்வெல்களின் நீரை ஸ்பாட்ன்ஸ் முறையில் அளந்தோம். நான்கு பேரில் கலரிமீட்டர் அளவீடும் கணக்கும் என் பொறுப்பு. எங்கள் ஸ்டாண்டர்டு கர்வ் லிட்டருக்கு 1.4 மில்லிகிராமோடு நின்றது. ஐந்து கிணறுகள் அதைத் தாண்டின. நான் கோட்டை அப்படியே நீட்டி, எல்லாவற்றிலும் அதிகமாக இருந்த கிணற்றுக்கு 1.9 என்று எழுதினேன். பிறகு அதே நீரில் டிஸ்டில்டு வாட்டரைப் பாதிக்குப் பாதி சேர்த்து அளந்து, இரண்டால் பெருக்கியபோது 2.4 வந்தது. ஃப்ளோரைடு கூடக்கூடச் சாயம் வெளுப்பது அதே விகிதத்தில் தொடர்வதில்லை என்பதால் நீட்டிய கோடு குறைத்துக் காட்டியிருக்கிறது. ஐந்தையும் நீர்க்கச் செய்து மறுபடி அளந்தேன். 1.45 என்று எழுதியிருந்த ஒரு கிணறு 1.6 ஆனது. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1.5.”

இரண்டாவது பத்தியில் ‘ஆர்வம்’ என்ற சொல் இல்லை, ‘திறன்’ இல்லை. ஆனால் படிக்கிறவர் ஐந்து செய்திகளைத் தெரிந்துகொள்கிறார். இந்தப் பெண்ணுக்கு அளவீட்டு எல்லை என்றால் என்ன என்று தெரியும். தன் தவறை மறைக்கவில்லை. காரணத்தைத் தேடியிருக்கிறார். மறுபடி செய்யச் சோம்பவில்லை. 0.15 வித்தியாசம் ஒரு கிணற்றைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளும் என்பதும் புரிந்திருக்கிறது. ஒரு வேதியியல் பேராசிரியர் இதைப் படித்தால், அலுமினியம் கலந்திருந்தால் இந்த முறை குறைத்துக் காட்டுமே, அதைப் பார்த்தாயா என்று கேட்க வாய் வரும். கேள்வி கேட்கத் தோன்றினாலே பத்தி வேலை செய்துவிட்டது என்று அர்த்தம்.

செயப்பாட்டு வினை பற்றி ஒரு வார்த்தை. ரெக்கார்டு நோட்டு நம்மை ‘20 மில்லி பிப்பெட் அவுட் செய்யப்பட்டது’ என்று எழுதப் பழக்கியிருக்கிறது. ஆய்வகக் குறிப்புக்கு அது பொருத்தம். எஸ்.ஓ.பி.யில் அது ஆளை மறைக்கும் திரை. செய்தது யார்? நீங்களா, கூட இருந்த மூவரா, லேப் அசிஸ்டென்டா? ‘இன்வால்வ்டு இன்’, ‘அசிஸ்டட் வித்’, ‘எக்ஸ்போஸ்டு டு’ போன்ற ஆங்கிலத் தொடர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ‘நான்’ என்று எழுதுவது தற்பெருமை என்று வளர்ந்தவர்களுக்குக் கை கூசும். அதற்கு வழி இருக்கிறது: குழு செய்ததை ஒரு வாக்கியத்தில் ‘நாங்கள்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் உங்கள் பங்கை ‘நான்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். அது பெருமையடிப்பு ஆகாது. குழுவில் மற்ற மூவரும் விண்ணப்பித்திருந்து நான்கு பேரும் ‘கலரிமீட்டரில் நான்தான் அளந்தேன்’ என்று எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வதும் உண்டு. முன்பே உட்கார்ந்து யார் எதைச் செய்தோம் என்று பேசிக்கொள்வது நல்லது.

ஆய்வகமே இல்லாத படிப்பு என்றால்? கணிதம், கோட்பாட்டு இயற்பியல் மாணவர்களுக்கு அப்சர்வேஷன் நோட்டுக்குப் பதில் ரஃப் நோட்டு. எந்தத் தேற்றத்தைப் படித்தீர்கள், நிரூபணத்தின் எந்த வரியில் நின்றீர்கள், எந்த எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்த்தபின் அந்த வரி விளங்கியது என்று எழுதினால் போதும். கணினி மாணவர்கள் ‘98 சதவீதத் துல்லியம்’ என்று எழுதும் முன் தங்கள் தரவை ஒருமுறை பார்க்கட்டும். நூற்றுக்கு 97 மாதிரிகள் ஒரே வகையைச் சேர்ந்தவை என்றால், எல்லாவற்றுக்கும் அதே பதிலைச் சொல்லும் நிரலுக்கும் 97 வந்துவிடும். அதைக் கவனித்துச் சொல்கிற மாணவரின் 81 சதவீதம், கவனிக்காதவரின் 98-ஐவிட மேல்.

ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளின் சான்றிதழ்களை வரிசையாக அடுக்குவோர் பலர். அதன் இறுதி மதிப்பெண்ணில் 25 அசைன்மென்டுக்கு, 75 நேரில் எழுதும் தேர்வுக்கு. உழைத்துத்தான் வாங்கியிருப்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இடம் ரெஸ்யூமே. எஸ்.ஓ.பி.யில் அந்தப் படிப்பிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து வேறு எங்கே பயன்படுத்தினீர்கள் என்று சொல்ல முடிந்தால் மட்டும் அதன் பெயர் வரலாம்.

இடம் எவ்வளவு?

சில படிவங்கள் 250 சொல்லில் முடிக்கச் சொல்லும். சில ஒரு பக்கம் கேட்கும். ஏ4 தாளில் 11 புள்ளி எழுத்தில், சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டால், ஏறக்குறைய 500 ஆங்கிலச் சொற்கள். 250 சொல் என்றால் என் கணக்கு இது: நீங்கள் யார், எந்தக் கேள்வி உங்களை இழுக்கிறது என்பதற்கு 30. நீங்கள் செய்த ஒரே ஒரு வேலைக்கு 110. அந்த வேலை எந்தக் கேள்வியில் கொண்டுபோய் விட்டது என்பதற்கு 40. ஏன் இந்த ஆய்வகம், எட்டு வாரத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு 60. மீதம் 10 சொல்லை விட்டுவிடுங்கள். 500 சொல் கிடைத்தால் இரண்டாவது வேலை ஒன்றைச் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள் என்பேன். முதல் வேலைக்கே 200 சொல் கொடுத்தால்தான் மேலே சொன்ன அளவுக்கு ஆழம் வரும். மூன்று புராஜெக்டுகளைத் தலா மூன்று வரியில் சொன்னால் மூன்றும் ரெக்கார்டு நடைக்குத் திரும்பிவிடும்.

முதல் வாக்கியத்தில்தான் பெரும்பாலோர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ‘சிறு வயதிலிருந்தே வானத்தைப் பார்த்து வியந்தேன்’, ஒரு விஞ்ஞானியின் மேற்கோள், ‘இன்றைய நவீன உலகில் தண்ணீர் மிக முக்கியம்’. மூன்றையும் அந்தப் பேராசிரியர் அன்று காலையிலேயே படித்திருப்பார். நம் தர்மபுரிப் பெண்ணுக்கு வேறு தொடக்கம் கையிலேயே இருக்கிறது: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் தோட்டத்து போர்வெல் தண்ணீரையே குடிக்கும் வீடுகள், ஃப்ளோரைடால் பற்களில் பழுப்புக் கறை உள்ள பிள்ளைகள். இது அவர் கேள்விக்குள் நேராகப் போகிறது. முதல் வாக்கியம் தோன்றவே இல்லை என்றால் வேலையைச் சொல்லும் பத்தியிலேயே தொடங்குங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

குடும்பச் சூழல், முதல் பட்டதாரி, தமிழ் வழிக் கல்வி ஆகியவற்றை எழுதலாமா என்ற கேள்விக்கு அளவுகோல் ஒன்றுதான். உங்கள் கேள்வியோடு அல்லது வேலையோடு அது சேர்கிறதா? அப்பா போர்வெல் லாரியில் வேலை பார்க்கிறார், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்ற கணக்கு அவர் நோட்டில் இருந்தது, அந்த ஆழத்தை ஃப்ளோரைடோடு ஒப்பிட்டேன் என்றால் அது தங்கம். கஷ்டத்தை மட்டும் இரண்டு பத்தி எழுதினால் படிக்கிறவருக்கு இரக்கம் வரும். ஆனால் இருக்கிற இரண்டு இடத்தை இரக்கத்தால் யாரும் நிரப்புவதில்லை. உதவித்தொகைப் படிவம் என்றால் கதை வேறு. அங்கே அதற்கென்றே கட்டம் இருக்கும்.

அரியர் இருந்தால்? மதிப்பெண் பட்டியலில் தெரியத்தான் போகிறது. ஒரே வாக்கியம்: எந்த செமஸ்டர், எந்தப் பாடம், எப்போது கிளியர் செய்தீர்கள். காரணம் உடல்நிலை போல நேரானது என்றால் மூன்று சொல்லில் சேர்க்கலாம். பேப்பர் திருத்தியவரைக் குறை சொல்லவே கூடாது. உண்மையாகவே அநியாயம் நடந்திருந்தாலும்கூட. விண்ணப்பிக்கும் துறைக்குச் சம்பந்தமில்லாத பாடத்தில் முதல் ஆண்டில் வந்த அரியரை, இப்போது கிளியர் ஆகியிருந்தால், பேசாமலே விட்டுவிடலாம்.

எட்டு வாரத்தில் என்ன முடியும்?

‘உங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது’ என்ற வரிக்குப் பிறகு அந்த ஆய்வகத்தின் வலைப்பக்கத்திலிருந்து இரண்டு வரி ஒட்டியிருப்பதை, அதை எழுதியவரே படிக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பதில் அந்தக் குழுவின் சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுங்கள். முழுவதும் புரியாது, புரியவும் வேண்டாம். சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பத்தி, படங்கள், செய்முறைப் பகுதி, இந்த வரிசையில் படியுங்கள். முன்னுரையின் கடைசிப் பத்தியில்தான் ‘நாங்கள் என்ன செய்தோம்’ என்பது பெரும்பாலும் இருக்கும். செய்முறைப் பகுதியில் உங்களுக்குக் கொஞ்சமாவது பழக்கமான ஒன்று இருக்கிறதா பாருங்கள். நம் மாணவிக்கு அது, சாயம் இல்லாமல் நீரில் நேராகத் தோய்த்து ஃப்ளோரைடை அளக்கும் அயன் எலக்ட்ரோடாக இருக்கலாம். ‘நான் ஸ்பாட்ன்ஸில் பட்ட பாட்டை எலக்ட்ரோடில் படவேண்டியதில்லை என்று கட்டுரையில் படித்தேன். அதே 12 மாதிரிகளை இரண்டு முறையிலும் அளந்து வித்தியாசம் எங்கே வருகிறது என்று பார்க்க விரும்புகிறேன்’ என்ற அளவு போதும்.

அளவை மட்டும் கவனியுங்கள். இரண்டு மாதம் என்பது காகிதத்தில்தான் எட்டு வாரம். முதல் வாரம் அடையாள அட்டை, பாதுகாப்புப் பயிற்சி, விடுதி, படிக்கக் கொடுத்த நாலு கட்டுரை என்று போகும். இரண்டாம் வாரம் கருவியைப் பழகுவது. கடைசி வாரம் அறிக்கை. நடுவில் கிடைக்கும் ஐந்து வாரத்தில் ஒரு வாரம் ஏதாவது பழுதாகும் அல்லது கெமிக்கல் வந்து சேராது. நான்கு வார வேலையைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ‘ஃப்ளோரைடை நீக்கும் மலிவான வடிகட்டி உருவாக்குவேன்’ என்று எழுதினால், இந்தப் பிள்ளைக்கு ஆய்வகத்தில் வேலை எவ்வளவு மெதுவாக நகரும் என்று தெரியவில்லை என்பதுதான் வெளியே தெரியும். புற்றுநோயைக் குணப்படுத்துவோருக்கும் இதுதான்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. வழங்கும் ‘வைஸ்’ போன்ற திட்டங்களில் முதலில் அங்குள்ள ஒரு பேராசிரியரின் சம்மதத்தை நீங்களே வாங்க வேண்டும். அதற்கு எஸ்.ஓ.பி.யை அப்படியே ஒட்டி மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். 150 சொல்லில் ஒரு சுருக்கம்: யார் நீங்கள், என்ன செய்தீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த இடம், எந்த மாதங்களில் வர முடியும். ஒரே மின்னஞ்சலை அறுபது பேருக்கு அனுப்பினால் அறுபது பேருக்கும் அது தெரிந்துவிடும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, எதிரில் இருப்பவர் பெண் பேராசிரியராக இருந்துவிடுவது அடிக்கடி நடக்கிற விபத்து. ‘டியர் புரொஃபசர்’, பிறகு குடும்பப் பெயர். அவ்வளவுதான்.

மொழிக்கு வருவோம். எஸ்.ஓ.பி. ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆனால் முதல் படியை ஆங்கிலத்தில் யோசிக்காதீர்கள். வேறு துறையில் படிக்கும் நண்பரை எதிரில் உட்காரவைத்து, போனில் ரெக்கார்டரைப் போட்டு, புராஜெக்டில் என்ன நடந்தது என்று தமிழில் மூன்று நிமிடம் சொல்லுங்கள். ‘அதுக்கப்புறம் பாத்தா, ரீடிங் ஏறவே மாட்டேங்குது’ என்று நீங்கள் சொல்லும் இடம்தான் உங்கள் பத்தி. அதைக் கேட்டு எழுதி, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றுங்கள். ‘பேஷனேட்’, ‘எஸ்டீம்டு இன்ஸ்டிடியூட்’, ‘கீன் இன்ட்ரஸ்ட்’, ‘ரினௌன்டு’ இவை வந்தால் அடித்துவிட்டு வாக்கியம் நிற்கிறதா பாருங்கள். எப்போதும் நிற்கும். ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கி அறிமுகம் செய்துகொள்வது பேச்சிலேயே தப்பு, எழுத்தில் இன்னும் உறுத்தும்.

சீனியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாதிரி எஸ்.ஓ.பி.க்களும், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தரும் பக்கங்களும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. இரண்டிலும் ரெக்கார்டு நடை இன்னும் மெருகேறி வரும். உங்கள் 1.9-உம் 2.4-உம் அதற்குத் தெரியாது. கேட்டால் தானாக ஒரு எண்ணை எழுதிவைக்கும், நேர்காணலில் அதற்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள். சில திட்டங்கள் இப்படிப்பட்ட கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றோ பயன்படுத்தினால் சொல்ல வேண்டும் என்றோ விதி வைக்கின்றன. படிவத்தில் அதை முதலில் பாருங்கள். விதி தடுக்கவில்லை என்றால், எழுதி முடித்த பக்கத்தைக் கொடுத்து ‘எந்த வாக்கியம் புரியவில்லை’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் போனால், ‘நீயே டைப் பண்ணிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்’ என்ற பதில் நம் கல்லூரிகளில் சாதாரணம். அப்போது எஸ்.ஓ.பி.யின் வாக்கியங்களையே ‘ஷி’ போட்டு மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே உறைக்குள் போகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். முடிந்தவரை ஆசிரியரையே எழுதவையுங்கள். அவருக்கு வேலை எளிதாக இருக்க, தேதி, தலைப்பு, நீங்கள் செய்த பகுதி, அவர் நேரில் பார்த்த ஒரு சம்பவம் என்று அரைப் பக்கக் குறிப்பு கொடுங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னால். செமஸ்டர் தேர்வும் பேப்பர் திருத்தும் முகாமும் வரும் மாதங்களில்தான் பல விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி விழுகிறது. கடிதத்தில் 10 கிணறு, உங்கள் பக்கத்தில் 12 கிணறு என்று இருந்தால் சந்தேகம் உங்கள் மேல்தான் வரும்.

அனுப்பும் நாளில் தவறுவது வேறு மாதிரியான விஷயங்கள். வேர்டிலிருந்து எடுத்து இணையப் பெட்டியில் ஒட்டினால் மேலெழுத்தும் கீழெழுத்தும் உதிர்ந்துவிடும். பத்தின் அடுக்கு கழித்தல் மூன்று என்பது ‘10-3’ என்று நிற்கும். 0.001 என்றே எழுதிவிடுங்கள். எழுத்து எண்ணிக்கையில் வரம்பு சொன்னால் இடைவெளியும் பெரும்பாலும் கணக்கில் சேரும், வரம்பு தாண்டிய கடைசி வாக்கியத்தைச் சில தளங்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஒட்டிய பிறகு பெட்டிக்குள் கடைசி வரியைப் படியுங்கள். ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், மற்ற நான்கு நிறுவனங்களின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தேடல் பெட்டியில் போட்டு, இந்தக் கோப்பில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பெயருக்கு முன்னால் இனிஷியல் போடும் நமக்கு ‘சர்நேம்’ கட்டம் எப்போதும் தலைவலி. மதிப்பெண் பட்டியலில், வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அதையே எஸ்.ஓ.பி.யிலும் கடிதத்திலும் வையுங்கள்.

அனுப்பிய கோப்பைத் திட்டத்தின் பெயரும் தேதியும் போட்டு பி.டி.எஃப். ஆகச் சேமித்துவையுங்கள். அப்சர்வேஷன் நோட்டையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நேர்காணல் இருந்தாலும், தேர்வாகிப் போய் முதல் நாள் பேராசிரியர் முன் உட்கார்ந்தாலும், அவர் எடுத்துவைத்திருப்பது அந்த ஒரு பக்கமாகத்தான் இருக்கும். மாதக்கணக்கு ஆகியிருக்கும், நீங்கள் எழுதியதே உங்களுக்கு மறந்திருக்கும். மார்க்கரைக் கையில் கொடுத்து, உன் ஸ்டாண்டர்டு கர்வை வரைந்து காட்டு, 1.4-க்கு மேல் அது எப்படி வளைகிறது என்று கேட்பார்.